காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளா?

.22 கைத்துப்பாக்கியின் விசைப் பாகங்களை மாற்றுகிறவர்கள் போட்டிப் புள்ளிகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரூகர் மார்க் 4-ஐப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுட்டுப் பழகுவதுதான் விளையாட்டு தர்மமாம். இதை எழுதியவர் அதன் விசையை ஒருமுறையாவது நிதானமாக இழுத்துப் பார்த்தாரா?

அந்த விசை இலக்குச் சுடுபவருக்காக மட்டும் வைத்ததல்ல. தோட்டத்தில் தகர டப்பாவைச் சுடுகிறவருக்கும் சேர்த்து வைத்தது. கனமாக இருப்பது நிறுவனத்தின் முன்ஜாக்கிரதை. கனம்கூடப் போகட்டும், சொரசொரவென்று நகர்ந்து, எப்போது விடுபடும் என்று தெரியாமல் இழுபடுவதுதான் தொல்லை. குறி விலகுவது அந்த இழுபறியில்தான். வோல்குவார்ட்சன் போன்ற உதிரிபாக நிறுவனங்கள் விற்கும் விசை, சுத்தியல், சியர் (சுத்தியலைப் பிடித்து வைத்து விடுவிக்கும் கொக்கி) எல்லாம் தீர்க்க முயல்வது இதைத்தான். சர்வதேச 25 மீட்டர் போட்டி விதி விசைக்குக் குறைந்தது 1000 கிராம் கேட்கிறது. சியரை எந்தப் பட்டறையில் செய்தார்கள் என்று கேட்பதில்லை.

குழலை மாற்றுவது வீண் என்கிறார், அது சரி. ஆலைக் குழலே நம்மில் பெரும்பாலோரின் கையைவிடத் துல்லியமானது. அந்தப் பணத்துக்கு நாலைந்து வகைத் தோட்டாக்களை வாங்கி, எது அந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம்.

மேகசினை உருவிவிட்டால் சுட விடாத பூட்டு ஒன்று 2004-இல் இதற்கு முந்தைய மார்க் 3-உடன் வந்தது. விசை மென்மைக்காக அதையும் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அவர்களைத் திட்டியிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன். அதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.