ஒரு சுற்று... ஒரு க்ளிக்!

1912. லண்டன் போய் கேமரா வாங்கி வந்த தாதாசாகேப் பால்கேவை நம்பிப் பணம் போட ஆளில்லை. தொட்டியில் பட்டாணியை ஊன்றினார். எதிரே கேமராவை நிறுத்தி, ஒரு மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். திரையில் விதை மளமளவென்று முளைத்துச் செடியானதைப் பார்த்த பிறகே கடன் கிடைத்தது. அதற்கும் மனைவி சரஸ்வதிபாயின் நகை அடகு போனது! மறுவருடம் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது.

கமுதிக்காரர்களுக்குப் பட்டாணி எதற்கு? முண்டு மிளகாய் விதையும் ஒரு பழைய செல்போனும் போதும். போனைச் செடி பக்கம் மெல்ல நகர்த்திக்கொண்டே எடுத்தால் இன்னும் அழகு. ஆனால், கையால் தள்ளினால் படம் துள்ளும்.

ஹார்டுவேர் கடையில் சாதா மரை போட்ட 6 எம்.எம். த்ரெட் ராடும் நட்டும் வாங்குங்கள். போன் நிற்கும் பலகையின் அடியில் நட்டைப் பதியுங்கள். பலகை கோணாமலிருக்க இருபுறமும் சட்டம். ராடை ஒரே இடத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றினால், பலகை 1 மி.மீ. நகரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஒரு படம். பத்து நாளில் 120 படம், 12 செ.மீ. பயணம். விநாடிக்கு 12 படமாக ஓட்டினால் 10 விநாடி சினிமா. ஜன்னலைச் சாத்தி, ஒரே பல்பில் எடுங்கள்.

ராத்திரி 2 மணிக்கு எழுந்து சுற்றப்போவது யார் என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்!