தோட்டத்துக்கு வரும் விருந்தாளி: வரும்படி யாருக்கு?

இத்தாலி நாட்டில் சிறு குடியானவர்கள் பலர் தங்கள் திராட்சைத் தோட்டத்தை வெளியூராருக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். தோட்டத்து மதுவைச் சுவை பார்க்கக் கொடுத்து, அதற்குப் பொருத்தமான சாப்பாட்டையும் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொள்கிறார்கள். வீடு தேடி வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டுக் காசு கேட்பதா என்று நம் உழவர் பெருமக்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் முழுவதும் அப்படியொரு தோட்டத்தில் இருந்து பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. அதைச் சிறு விவசாயிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் உழவர்கள் மது தயாரிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த வழி நமக்கு உரியதும் அன்று. நாம் பார்க்க வேண்டியது அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டை.

பாதி குலையை வெட்டி எறிந்தவர்

புளோரன்ஸ், சியன்னா என்ற இரு நகரங்களுக்கு நடுவே உள்ள குன்றுப் பகுதிக்குக் கியாந்தி என்று பெயர். ஒரு பயிலரங்குக்காக அந்தப் பக்கம் சென்றிருந்த நான், ஜூலை மாதக் கடைசியில் ஒரு குடும்பத் தோட்டத்துக்குப் போனேன். கணவன், மனைவி, கணவனின் வயதான தாயார் ஆகிய மூவர்தான் பண்ணை. திராட்சை 4 ஹெக்டேர், அதாவது சுமார் 10 ஏக்கர். மற்றது ஆலிவ் மரங்களும் காடும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கைப் போல அங்கே பந்தல் கிடையாது. வரிசையாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து, கொடியை இடுப்பளவு உயரத்தில் படர விடுகிறார்கள். குளிர்காலத்தில் கொடி உறங்கும்போது கவாத்து. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. ஆண்டுக்கு ஒரே வெள்ளாமைதான். நாமோ ஓய்வில்லாமல் கவாத்து செய்து இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுக்கிறோம்.

நான் போனபோது அந்தக் குடியானவர் கத்தரியுடன் வரிசையில் நின்று பச்சைக் குலைகளை வெட்டித் தரையில் தள்ளிக்கொண்டிருந்தார். நல்ல குலைகள், நோய் இல்லாதவை. எனக்கு மனம் பதறிவிட்டது. ஏன் என்று கேட்டேன். கொடியில் மிஞ்சும் குலைகளுக்குச் சர்க்கரையும் நிறமும் ஏறுவதற்காக என்றார். அதோடு, "கியாந்தி கிளாசிக்கோ" என்ற பெயரில் மதுவை விற்க வேண்டுமானால் ஹெக்டேருக்கு 7.5 டன்னுக்குமேல் பழம் எடுக்கக்கூடாது என்பது விதி. ஏக்கர் கணக்கில் 3 டன். பன்னீர் திராட்சையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன் என்று நாம் கணக்கிடுகிறோம். மதுவுக்கான திராட்சையையும் தின்பதற்கான திராட்சையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாதுதான். இருந்தாலும் விளைச்சலைக் குறைப்பதையே ஒரு தொழில்நுட்பமாக வைத்திருப்பவரை அன்றுதான் நேரில் கண்டேன்.

அப்போது எனக்குக் கம்பம் பக்கத்து உழவர் ஒருவரின் நினைவு வந்தது. எங்கள் பரிந்துரைப்படி உரமிட்டு, நீர் பாய்ச்சி, மருந்து தெளித்து, நல்ல விளைச்சல் கண்டவர். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பழம் வெடித்தது. வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் பேசிய விலையில் பாதியைக்கூடத் தரவில்லை. நான் போய் நின்றபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: "விளைச்சலைக் கூட்டச் சொன்னீங்க ஐயா, கூட்டினோம். விலையை யாரு கூட்டுவா?" என்னிடம் பதில் இல்லை. முப்பது ஆண்டுகளாக விளைச்சலைப் பற்றியே பேசிவந்த எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

மேசையில் நடந்தது

அன்று விருந்தாளிகள் எட்டுப் பேர். முதலில் தோட்டத்தில் நடை. குடியானவர் மண்ணைக் கையில் அள்ளிக் காட்டினார். ஏடு ஏடாக உதிரும் கல் மண். நீர் தங்காது, வேர் ஆழமாக ஓடும் என்று விளக்கினார். பிறகு நிலவறையில் மரப் பீப்பாய்களைக் காட்டினார். அதன் பிறகுதான் மர நிழலில் மேசை.

உப்பில்லாத ரொட்டியைச் சுட்டு, பூண்டைத் தேய்த்து, தங்கள் ஆலிவ் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார்கள். தக்காளியும் பழைய ரொட்டியும் சேர்த்துக் கொதிக்க வைத்த கூழ் அடுத்து வந்தது. அதற்கு இளம் மது. பிறகு "பீச்சி" என்ற, கையால் உருட்டிய, இடியாப்பத்தைவிடப் பருத்த மாவு இழைகள் இறைச்சிக் குழம்புடன். அதற்கு ஓராண்டு கடந்த மது. பன்றி இறைச்சிக்கும் ஆட்டுப் பால்கட்டிக்கும் இரண்டு ஆண்டுக்குமேல் பதப்படுத்திய "ரிசெர்வா". கடைசியாக, பழத்தை உலர்த்திப் பிழிந்து, சிறு பீப்பாயில் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வைத்த இனிப்பு மது. அதில் பாதாம் பிஸ்கோத்தை நனைத்துத் தின்கிறார்கள்.

நான் மது அருந்தும் பழக்கம் இல்லாதவன். அங்கே அது ஒரு சங்கடமாகவே இல்லை. சுவை பார்ப்பவர்கள் துப்புவதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். முகர்ந்து, நாவை நனைத்து, துப்பிவிட்டேன். அந்த ஊர்ச் சாஞ்சியோவேசே திராட்சைக்குப் புளிப்பும் துவர்ப்பும் அதிகம். கொழுப்பான இறைச்சிக்குப் பிறகு அது வாயைக் கழுவிவிடுகிறது. விருந்துக்குப் பின் நாம் ரசம் ஊற்றிக்கொள்வதும் பாக்குப் போடுவதும் இதற்காகத்தானே? ரொட்டியில் உப்பில்லாததும் பொருத்தம்தான். பால்கட்டியிலும் இறைச்சியிலும் உப்புத் தூக்கலாக இருக்கிறது. அறுசுவை அறிந்த நமக்கு இந்தப் பொருத்தமெல்லாம் புதிது அன்று. ஆனால் அதை விருந்தாளிக்கு வாய்விட்டு விளக்கி, அந்த விளக்கத்துக்கும் விலை வைக்கலாம் என்பதுதான் எனக்குப் புதிது.

கணக்கு

தலைக்கு 60 யூரோ. எட்டுப் பேருக்கு 480. போகும்போது ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டில் வாங்கினார்கள், ஒன்று 15 யூரோ. ஒரு பாட்டில் மதுவுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் போதும். விதிப்படி அந்த 4 ஹெக்டேரில் 30 டன் பழம், 21,000 லிட்டர் மது, 28,000 பாட்டில் எடுக்கலாம். பழமாக விற்றால் கிலோ விலை. பாட்டிலாக, அதுவும் தோட்டத்து வாசலிலேயே விற்றால், நடுவில் தரகர் இல்லை. பாட்டில், பீப்பாய், இரண்டு ஆண்டு முடங்கும் முதல், இவையெல்லாம் செலவுதான். ஆலங்கட்டி மழை ஒரு மணி நேரத்தில் கொடியை மொட்டையாக்கிய ஆண்டும் உண்டு என்றார் அவர். மேசை வருமானம் அத்தகைய ஆண்டில்தான் குடும்பத்தைக் காப்பாற்றியதாம்.

பாட்டில் கழுத்தில் கருஞ்சேவல் படம் இருக்கிறது. அந்தப் பகுதி உற்பத்தியாளர் 33 பேர் 1924இல் கூடி அமைத்த சங்கத்தின் முத்திரை அது. கியாந்தியின் எல்லையையோ 1716ஆம் ஆண்டிலேயே டஸ்கனி மன்னர் மூன்றாம் கோசிமோ ஆணையிட்டு வகுத்துவிட்டார். எல்லை, முத்திரை, அளவு விதி மூன்றும் சேர்ந்துதான் அந்தப் பெயரைக் காக்கின்றன.

வாரக் குடி உழவர் ஆன கதை

சமைத்துப் போட்ட தாயாரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் பிறந்தது வாரத்துக்கு உழுத குடும்பத்தில். "மெட்சத்ரியா" என்று அந்த முறைக்குப் பெயர். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. நம் ஊர் வாரக் குத்தகைதான், பெயர் மட்டும் வேறு. 1950, 60களில் வாரக் குடிகள் ஆலை வேலைக்கு நகரம் போனார்கள். 1964இல் புதிய வார ஒப்பந்தங்களையே சட்டம் தடை செய்தது. குன்றுகளில் வீடுகள் காலியாகக் கிடந்தன. வெளிநாட்டார், முக்கியமாக ஆங்கிலேயர், அவற்றை வாங்கிச் சீர் செய்துகொண்டார்கள். "கியாந்திஷயர்" என்ற கேலிப் பெயரே ஏற்பட்டது. அந்தத் தாயாரின் குடும்பம் போகாமல் தங்கி, சிறுகச் சிறுக நிலத்தை வாங்கியது.

ஊருக்கு அழகு இருந்தால் பணம் வரும். அந்தப் பணம் உழுகிறவனுக்கு வருமா, வாங்க வந்தவனுக்குப் போகுமா என்பதுதான் கேள்வி. இத்தாலி அதற்குச் சட்டத்தால் பதில் சொன்னது. 1985ஆம் ஆண்டின் 730ஆம் எண் சட்டம் பண்ணைச் சுற்றுலாவுக்கு இலக்கணம் வகுத்தது. விருந்தோம்பலை நடத்துபவர் விவசாயியாக இருக்க வேண்டும். விவசாயமே முதன்மைத் தொழிலாகவும் விருந்தோம்பல் அதைச் சார்ந்ததாகவும் இருக்க வேண்டும். 2006இல் வந்த 96ஆம் எண் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. பரிமாறும் உணவில் சொந்தப் பண்ணையிலும் அந்த வட்டாரத்திலும் விளைந்தவைக்கே முதலிடம். உழவை விட்டுவிட்டு வெறும் விடுதி நடத்தினால் அந்தப் பெயரும் சலுகையும் கிடையா.

நம்மிடம் இன்று நடப்பது என்ன? மலையடிவாரங்களில் "பண்ணை வீடு" என்று பலகை மாட்டிய விடுதிகள் பெருகிவருகின்றன. பலவற்றில் பண்ணையும் இல்லை, உழவரும் இல்லை. நிலத்தை விற்றவரே அங்கே காவலாளியாக நிற்பதை நான் கண்டிருக்கிறேன். இது தொடர்ந்தால் கிராமத்தின் அழகு விலைபோகும், கிராமத்தான் கூலிக்காரனாவான்.

நாம் செய்யக்கூடியவை

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நமக்கும் எல்லையும் பெயரும் வந்துவிட்டன என்று பொருள். அந்தப் பெயரை வியாபாரியின் அட்டைப் பெட்டிக்கு மட்டும் விட்டுவிடக்கூடாது. என் கருத்துகள் இவை:

1. தனியாக இறங்க வேண்டாம். அண்டைத் தோட்டக்காரர் நாலைந்து பேர் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்துப் பேருக்கு ஏற்பாடு செய்து பாருங்கள்.

2. கடன் வாங்கி அறை கட்ட வேண்டாம். பந்தல் நிழலே மண்டபம். முதல் செலவு சுத்தமான கழிப்பறைக்கும் குடிநீருக்கும் ஆகட்டும்.

3. பந்தலில் பழம் பறிக்க விடுவதானால் மருந்து தெளித்த நாளைக் குறித்து வையுங்கள். காத்திருப்புக் காலம் முடியாத பந்தலுக்குள் விருந்தாளியை, முக்கியமாகக் குழந்தைகளை, விடவே கூடாது.

4. உங்கள் நெல், உங்கள் கோழி, உங்கள் கீரை, உங்கள் பழச்சாறு இவற்றையே இலையில் வையுங்கள். சந்தையில் வாங்கி வந்து பரிமாறினால் நீங்களும் ஓர் ஓட்டல்காரர், அவ்வளவுதான். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளவும் மறவாதீர்கள்.

5. சமைப்பவர் பெண்கள். வருமானத்தில் அவர்கள் பங்கை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பண்ணைச் சுற்றுலாவுக்கு மானியமும் அனுமதியும் கொடுக்கும்போது, நிலத்தில் உழுகிறவர் யார், இலையில் பரிமாறுவது எங்கே விளைந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வரம்பு இல்லாவிட்டால் உழவர் பெயரால் வரும் உதவி, உழவரல்லாதாருக்கே போய்ச் சேரும்.

எல்லா ஊருக்கும் இது ஒத்துவராது. சாலை வசதியும், பார்க்க ஒரு காரணமும், பேசத் தயங்காத ஒரு குடும்பமும் வேண்டும். வெள்ளாமைக்கு மாற்றாக இதை யாரும் எண்ண வேண்டாம். வெள்ளாமை பொய்க்கும் ஆண்டில் தாங்கிப் பிடிக்கும் ஒரு முட்டுக்கொம்பு, அவ்வளவே.

கம்பம் பள்ளத்தாக்கு உழவரின் கேள்விக்கு இன்றும் என்னிடம் முழுப் பதில் இல்லை. விலையை யாரும் நமக்காகக் கூட்டித் தரப்போவதில்லை. ஆனால் விளைந்த இடத்திலேயே, விளைவித்தவர் கையாலேயே, தின்ன வந்தவரிடமே விற்கும் ஒரு கூடைப் பழத்துக்கு விலை சொல்கிறவர் நாமாக இருக்கலாம். அந்த ஒரு கூடையிலிருந்து தொடங்குவோம்.