வீடு 350 நாளுக்கா, 15 நாளுக்கா?

ஓய்வு பெற்ற கையோடு நம்மில் பலர் செய்கிற முதல் காரியம் வீடு கட்டுவது. ஏற்கெனவே வீடு இருந்தால் அதன் மேல் ஒரு மாடி எடுப்பது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து கைக்கு வந்திருக்கும். "எத்தனை பெட்ரூம்?" என்று கேட்டால் "நாலு" என்பார்கள். இருக்கப் போவது நீங்கள் இரண்டு பேர்தானே என்றால், "பெரியவன் அமெரிக்காவிலேருந்து வந்தா ஒரு ரூம், பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தா ஒரு ரூம், பேரப் பிள்ளைகளுக்கு ஒண்ணு வேண்டாமா சார்?" என்று பதில் வரும்.

பெரியவன் எத்தனை நாள் இருப்பான்? வருடத்துக்கு 15 நாள். அதிலும் நாலு நாள் மாமனார் வீடு, மூன்று நாள் கோயில் குளம். மீதி 350 நாளும் அந்த நாலு அறையையும் பெருக்கித் துடைத்து, ஜன்னலைத் திறந்து மூடி, ஒட்டடை அடித்துக்கொண்டு கிடக்கப் போவது முட்டிவலியோடு இருக்கும் நாம் இருவர். அறுபதைத் தாண்டியவர்கள் வீட்டை அந்த 350 நாளை நினைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், 15 நாளை நினைத்து அல்ல என்பது என் கட்சி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்வதுபோல் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

வங்கியில் வீட்டுக் கடன் மனுக்களை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற பிளான், எஸ்டிமேட் என்று எல்லாம் கேட்போம். இருபது வருடம் கழித்து இந்த வீட்டைப் பராமரிக்கப் போவது யார் என்ற கேள்விக்கு மட்டும் மனுவில் இடம் கிடையாது. வங்கிக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. குடியிருப்பவருக்குத் தேவை.

ஆளில்லாத பெரிய வீடு என்ன ஆகும் என்பதற்குச் செட்டிநாடே சாட்சி. பர்மா தேக்கும், முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சும், ஆத்தங்குடிக் கல்லுமாக ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நகரத்தார் கட்டிய வீடுகள் அவை. ஐம்பது பேர் உண்டு உறங்கும் கூட்டுக் குடும்பத்துக்கும், கல்யாணம் காட்சிகளுக்கும் அவை பொருத்தமான வீடுகள். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது பலருடைய கொண்டுவிற்றல் அங்கே நின்றுபோனது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், குடியிருப்பவர் யாருமில்லை. சில வீடுகள் ஓட்டலாகிப் பிழைத்துக்கொண்டன. சில வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. கட்டுமானத்தில் எந்தக் குறையும் இல்லாத வீடுகள்தான். உள்ளே நடமாட ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். அத்தனை பலமான வீட்டுக்கே அந்தக் கதி என்றால், நாம் கட்டும் ஒன்பது அங்குலச் சுவர் எம்மாத்திரம்?

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஊருக்கு வெளியே நாலு பெட்ரூம் வைத்து மாடி வீடு கட்டினார். ஏழெட்டு வருடத்தில் மனைவிக்கு முட்டி போய்விட்டது, மாடி ஏற முடியவில்லை. மேலே பூட்டிவிட்டார்கள். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயை இலைச்சருகு அடைத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீர் தேங்கி ஊறியிருக்கிறது. பூட்டிய அறையில் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கீழே ஹாலில் சீலிங் காரை பெயர்ந்து விழுந்த பிறகுதான் மேலே போய்ப் பார்த்தார்கள். கட்டில், மெத்தை, பீரோ எல்லாம் பூஞ்சை. கம்பியில் துரு ஏறியிருந்ததால் செலவு லட்சத்தைத் தாண்டியது. பத்து நிமிடத்தில் கையால் அள்ளிப் போட்டிருக்கக்கூடிய சருகு அது.

பணக் கணக்கையும் பார்ப்போம். கூடுதலாக இரண்டு அறை கட்ட 15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடம் 1,05,000 ரூபாய் வந்திருக்கும். அதாவது பிள்ளை வந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் நாம் 7,000 ரூபாய் கொடுக்கிறோம். பிள்ளையை லாட்ஜில் தங்கச் சொல்வதா என்று கேட்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முப்பது பேர் வந்தபோது ஹாலில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுத்தோமே, அதைவிட சந்தோஷமாக எந்தத் தனி அறையிலாவது தூங்கியிருக்கிறோமா? பேரப் பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம். இரண்டு நல்ல மெத்தையும், ஹாலுக்கு ஒரு ஏ.சி.யும் போதும்.

சரி, அந்த 350 நாளுக்கு ஏற்ற வீடு எது? என் அளவுகோல் நாலைந்துதான்.

முதலில் கால். மருந்துக்கடை, காய்கறி, பால், பஸ் ஸ்டாப், ஒரு கோயிலோ பூங்காவோ எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்று ஸ்கூட்டர் ஓட்டுகிறோம், பத்து வருடம் கழித்து ஓட்ட மாட்டோம். ஊருக்கு வெளியே அமைதியான இடம் என்று போனவர்கள், ராத்திரி நெஞ்சுவலி வந்தால் ஆட்டோ கிடைக்காத இடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். இரண்டு விதத்திலும். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் சென்னையும் அதன்பின் தூத்துக்குடி, திருநெல்வேலியும் பட்ட பாட்டைப் பார்த்தோம். 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதையும் பார்த்தோம். மழையில் எதுவரை தண்ணீர் நின்றது, மே மாதத்தில் போர்வெல் என்ன ஆகிறது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் டீக்கடையிலும் கேளுங்கள். வீட்டை மூன்று முறை பாருங்கள்: உச்சி வெயிலில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. முடிந்தால் அதே பகுதியில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்த வாடகை வீண்போகாது.

மூன்றாவது பாத்ரூம். ஹாலில் இத்தாலியன் மார்பிள் போடுபவர்கள் பாத்ரூமில் கைப்பிடி வைக்க யோசிக்கிறார்கள். வழுக்காத தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, வெஸ்டர்ன் கிளாசெட் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பி, ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கு. மொத்தமும் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளவும் முடியாது.

ஃப்ளாட் வாங்குவதாக இருந்தால், பிரிக்கப்படாத நிலப்பங்கு பத்திரத்தில் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். கட்டடம் தேயும், நிலம்தான் நிற்கும். அசோசியேஷனின் மூன்று வருட வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். மெயின்டனன்ஸ் பாக்கி எத்தனை வீட்டில் இருக்கிறது, லிஃப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கணக்கைக் காட்டத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடலாம். புது ஃப்ளாட் என்றால் இன்னொன்று: 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு கைக்கு வந்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், பில்டர் தம் செலவில் சரிசெய்து கொடுக்க வேண்டும். சுவரில் விரிசல் கண்டால் சுண்ணாம்பு பூசி மறைக்காமல் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

இனி பராமரிப்பு. நம் முன்னோர்கள் இதற்குத் தனியாக அட்டவணை போடவில்லை, பண்டிகையிலேயே வைத்துவிட்டார்கள். மழைக்கு முன்னால் நாட்டு ஓடு மாற்றுவார்கள். ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்து எண்ணெய் போடுவார்கள். போகிக்கு வீட்டைக் காலி செய்து வெள்ளையடிப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மூலையும் மனிதக் கண்ணில் பட்டது. இன்று ஆயுத பூஜைக்குக் கேட்டுக்கும் காருக்கும் சந்தனம் வைக்கிறோம். மெயின் ஸ்விட்ச் போர்டைத் திறந்து பார்ப்பதில்லை.

அதே பஞ்சாங்கத்தை நாமும் வைத்துக்கொள்ளலாம். புரட்டாசியில் மொட்டை மாடியைக் கூட்டி, தண்ணீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்யுங்கள். பாரப்பெட் விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுங்கள். மேலே மட்டும் கிள்ளினால் அது சுவரைத்தான் பிளக்கும். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழி வெட்டிக் கூழாங்கல் போட்டோம். அதைத் திறந்து பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? சேறு அடைத்திருந்தால் அது வெறும் குழி. தண்ணீர்த் தொட்டியையும் சம்ப்பையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவ ஆள் வையுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். நிலைக்கதவு ஓரங்களில் கரையான் மண் தெரிகிறதா என்று தையில் ஒரு பார்வை. மின்கசிவைத் தடுக்கும் ட்ரிப்பரில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். மாதம் 3,000 ரூபாய் தனி ஆர்.டி.யில் போட்டு வந்தால் ஐந்து வருடத்தில் வட்டி போக 1,80,000 சேரும். பெயின்ட் அடிக்கவும், மோட்டார் மாற்றவும் பிள்ளையிடம் கேட்க வேண்டியதில்லை. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு: குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்த வால்வை மூடினால் எது நிற்கும், பிளம்பர் போன் நம்பர், கடைசியாக எப்போது என்ன செய்தோம். நமக்கு ஏதாவது ஆனால் வீட்டம்மாவுக்கு அந்த நோட்டுதான் துணை. நான் பார்த்தவரை பல வீடுகளில் இந்த விவரமெல்லாம் ஒருவர் தலைக்குள்ளேயே இருக்கிறது.

"அப்பா கட்டிய வீடு, எப்படி விற்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விற்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாடியை ஒரு நல்ல குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள். வாடகை குறைவாக இருந்தாலும் மேலே விளக்கு எரியும், ஒழுகினால் கீழே வந்து சொல்ல ஆள் இருக்கும், ராத்திரியில் ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். விற்பது என்று முடிவு செய்தால், விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் லாபத்துக்கு வரிச் சலுகை கிடைக்க வழி இருக்கிறது. ஆடிட்டரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எதைச் செய்வதாக இருந்தாலும் காலத்தில் செய்ய வேண்டும். என் பெரியம்மா பெரியப்பா போன மறுவருடமே, அறுபத்தாறு வயதில், கிராமத்து வீட்டை விற்றுவிட்டு டவுனில் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு வந்தார். உறவில் எல்லோரும் திட்டினார்கள். புது இடத்தில் அக்கம்பக்கம் பழகவும், கீரைக்காரியிடம் பேரம் பேசவும் அவருக்குத் தெம்பு இருந்தது. எண்பத்தொன்றிலும் தனியாகத்தான் இருக்கிறார், தன் சாவி தன் இடுப்பில். அதே வேலையை எழுபத்தெட்டில், இடுப்பு முறிந்த பிறகு செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பேசி முடிவு செய்தார்கள். எந்தச் சாமான் வர வேண்டும், எது போக வேண்டும் என்பதுகூட அவர்கள் கையில் இல்லை.

ஆகவே நாளைக் காலை காபி குடித்ததும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். போன வாரத்தில் எத்தனை அறைக்குள் கால் வைத்தீர்கள் என்று எண்ணுங்கள். கால் வைக்காத அறையின் கதவைத் திறந்து, முதலில் சீலிங்கைப் பாருங்கள். பிறகு வீட்டம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த அறையை என்ன செய்யலாம் என்று பேசுங்கள். பிள்ளைகளிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.