உயிர்வேலியை வாரிப் போட்டவன் சொல்கிறேன்

போன மாசம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் படம் போட்டிருந்தார். மரக்காணம் பக்கம் அவர் வாங்கிப் போட்ட நிலம். நூல் பிடித்தாற்போல மகோகனி வரிசை, சொட்டுநீர்க் குழாய், சுற்றிலும் கம்பிவேலி. கீழே, ‘பறவைகளுக்காக என்னால் முடிந்தது’ என்று ஒரு வரி. ஆளாளுக்குப் பச்சை இதயம் போட்டார்கள். நான் போடவில்லை. பொறாமையெல்லாம் இல்லை. 2018-இல் நானே அதே படத்தைப் போட்டவன்.

எங்கள் நிலம் வானூர் பக்கம். புதுச்சேரி வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். ஒண்ணரை ஏக்கர் செம்மண். அப்பா மல்லாட்டை போட்டார், பிறகு சவுக்கு. கிழக்கு ஓரம் முழுக்க உயிர்வேலி இருந்தது: களா, காரை, சூரை, அவற்றின் மேல் படர்ந்த கோவைக்கொடி. ஸ்கூல் விட்டு வந்தால் எங்கள் தீனி அங்கேதான். அந்த வேலியை ஜேசிபி வைத்து ஒரே காலையில் வாரிப் போட்டேன். மகோகனிக்கு நேர்கோடு வேண்டுமே! உள்ளேயிருந்து ஒரு கீரிப்பிள்ளை குட்டிகளோடு ஓடியது. வீடியோ எடுத்தேன். எங்கே ஓடுகிறது என்று யோசிக்கவில்லை. வரப்பில் நின்ற அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இதுல எது தின்னும்?”

எதுவும் தின்னவில்லை. மரம் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. நடுவில் போய் உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மாதிரி இருக்கும். மகோகனியின் காய் கட்டை போன்றது. வெடித்தால் இறகு வைத்த விதை காற்றில் போகும். சவுக்கு விதையும் அப்படித்தான். சின்னானுக்கும் குக்குறுவானுக்கும் அதில் சதையே கிடையாது. தேக்கைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதன் இலையைத் தின்னப் புழு வரும், புழுவைத் தின்னப் பறவை வரும். ஆனால் புழு வந்தால் நாம் என்ன செய்வோம்? மருந்துதானே அடிப்போம்?

விவசாயி மரம் வளர்த்து விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக விற்கட்டும். நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் தமிழ்நாடு அரசு தேக்கு, மகோகனி, செம்மரக் கன்றுகளை இலவசமாகத் தருகிறது. கடன்பட்டவனுக்கு அது ஒரு சேமிப்பு. மல்லாட்டை மாதிரி அதுவும் பயிர், என்ன, அறுவடைக்கு வருஷக்கணக்கில் ஆகும், அவ்ளோதான். என் சண்டையெல்லாம் அந்தப் பயிருக்குக் காடு என்று பெயர் வைப்பதோடுதான்.

அப்படிப் பெயர் வைப்பது நாம் மட்டும் இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காடு மரக்கவிகை இருந்தால் அது ‘வனப்பரப்பு’. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வியே இல்லை. தென்னந்தோப்பும் வனம்தான், சவுக்குத் தோப்பும் வனம்தான். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 23.7 விழுக்காட்டை 33 ஆக்கப் போகிறது. எத்தனை வரி கோட் எழுதினான் என்று எண்ணிச் சம்பளம் கொடுத்தால் எங்கள் ஆட்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். வரி எழுதுவார்கள். செயற்கைக்கோள் கண்ணுக்கு என் உயிர்வேலி வெறும் புதர், மகோகனி பசுமை. நான் கீரிப்பிள்ளையைத் துரத்தியது அந்தக் கணக்கில் முன்னேற்றம்.

இந்தக் கடற்கரைக்கென்று ஒரு காடு உண்டு. அதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். பார்க்க வேண்டுமானால் ஈசிஆரில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போங்கள். பொங்கல் வைக்கிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் போதும். வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற மரங்கள் கொண்ட காடு இது. அண்ணாந்து பார்க்க வைக்கிற உயரம் கிடையாது. செல்ஃபிக்கு ஒத்துவராது. ஆனால் பெரும்பாலும் சதைப்பழ மரங்கள். பறவை தின்று எச்சமிட்டுத்தான் இந்தக் காடு பரவியது. நாம் ‘கடின மரம்’ என்று மகோகனியைத் தேடிப் போகிறோம், உலக்கை செய்தே பெயர் வாங்கிய மரத்தை நர்சரியில் கேட்டால் முழிக்கிறார்கள்.

மெதுவாக வளரும், யார் காத்திருப்பது என்று கேட்பீர்கள். நியாயம்தான். பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மழையில் அரித்துப்போன செம்மண் பொட்டல். முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு அகேசியாவை வைத்து நிழல் உண்டாக்கினார்கள். பிறகு அந்த நிழலில் இந்த மண்ணின் மரங்களை நட்டார்கள். வேக மரம் அங்கே சாரம் மாதிரி. நாமோ சாரத்தைக் கட்டிவிட்டு அதற்கே கிரகப்பிரவேசம் செய்கிறோம்.

அதற்காக மொத்த நிலத்தையும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வரப்பு ஓரத்தையாவது விடுங்கள். கன்று இலவசமாகக் கொடுக்கும் அரசு, வெட்டாமல் விட்ட உயிர்வேலிக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கட்டும். சம்பளக்காரர்களான நமக்கு அந்தக் காசுகூடத் தேவையில்லை. ஜேசிபியைக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

போன ஐப்பசியில் மகோகனி வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று வெட்டினேன். இடைவெளியில் நாற்பது கன்று வைத்தேன், வீரையும் காசானும். பதினொன்றை ஆடு மேய்ந்துவிட்டது. மிச்சம் முழங்கால் உயரம்கூட இல்லை. கிழக்கு ஓரத்தில் களாவும் காரையும் நட நினைத்தபோது அப்பா வேண்டாமென்றார். “மேல ஒரு கம்பி மட்டும் கட்டு. குருவி வந்து உக்காந்தா அதுவே போட்டுட்டுப் போவும்.” கட்டியிருக்கிறேன். இப்போதைக்குக் கரிச்சான் ஒன்று வந்து உட்கார்கிறது. அது பூச்சி தின்கிற பறவை, பழ விதை எதுவும் கொண்டு வராது.