பட்டினி கிடந்தா படை போயிடுமா?

மக்களே, இப்பல்லாம் நாலு பேர் கூடுற இடத்துல ஒருத்தராவது பதினாறு-எட்டு கணக்கு சொல்லிடறாங்க. பதினாறு மணி நேரம் வயித்தைக் காயப்போடணும், மிச்ச எட்டு மணி நேரத்துல சாப்பாட்டை முடிச்சுக்கணும். தொப்பை குறையும்னு சொன்ன வரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை. "சொரியாசிஸ் அடியோட போயிடும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்க"ன்னு வாட்ஸப்புல சுத்துது பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல நோயைப் பத்தி ரெண்டு வரி. நம்ம மேல்தோல் தன்னைப் புதுப்பிச்சுக்க ஏறக்குறைய ஒரு மாசம் எடுத்துக்கும். சொரியாசிஸ் வந்த இடத்துல அந்த வேலை சில நாள்லயே முடிஞ்சு, செல்கள் அடுக்கடுக்கா குமிஞ்சு செதிலா உதிருது. காரணம் அழுக்கும் இல்லை, ரத்தம் கெட்டதும் இல்லை, தொட்டா ஒட்டவும் ஒட்டாது. உடம்போட எதிர்ப்பு சக்தி தப்பான இடத்துல சண்டை போடுது, அவ்வளவுதான். டிஎன்எஃப், இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23ன்னு சில புரதங்கள்தான் அந்தச் சண்டையைத் தூண்டி விடற ஆளுங்க.

சரி, விரதம் எங்கே வருது? கொழுப்புத் திசு சும்மா கிடக்கற மூட்டை இல்லீங்க. அதுவும் அழற்சியைக் கிளப்புற பொருட்களைச் சுரக்குது. அதனால எடை குறைஞ்சா நோய் கொஞ்சம் தணியும்னு எதிர்பார்க்கறதுல நியாயம் இருக்கு. அமெரிக்காவோட தேசிய சொரியாசிஸ் அமைப்பும் 2018-ல, எடை கூடுதலா இருக்கற நோயாளிகள் சாப்பாட்டு அளவைக் குறைச்சு எடையைக் குறைக்கணும்னு பரிந்துரை செஞ்சது. ஆனா அவங்க அதைச் சொன்னது மருந்தோட சேர்த்துத்தான்.

நேரடியா விரதத்தையே வெச்சு ஒரு ஆய்வும் இருக்கு. 2019-ல வந்தது. ரமலான் நோன்பு இருந்த 108 சொரியாசிஸ் நோயாளிகளை நோன்புக்கு முன்னாடியும் பின்னாடியும் பார்த்தாங்க. 'பாசி'ன்னு ஒரு மதிப்பெண் உண்டு, பூஜ்யத்துலேர்ந்து 72 வரைக்கும் போகும், கூடினா நோய் கூடுதல்னு அர்த்தம். நோன்பு முடிஞ்சப்போ அது சராசரியா 0.89 குறைஞ்சிருந்தது. ஆமாங்க, ஒரு புள்ளி கூட முழுசா இல்லை! குறைஞ்சது நிஜம், நான் மறுக்கலை. ஆனா இதை வெச்சு 'அடியோட போயிடும்'னு சொல்லலாமா? புது ஊசி மருந்துகள்ல பாதிக்கு மேற்பட்டவங்களுக்கு இந்த மதிப்பெண் 90 சதவீதம் இறங்குது.

இதுக்கு நடுவுல "ஐயா, இதுக்கு நோபல் பரிசே குடுத்திருக்காங்க"ன்னு வேற ஒரு குரூப். ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல பரிசு குடுத்தது உண்மை. செல் தன்னோட பழைய பாகங்களைத் தானே பிரிச்சு மறுபடி பயன்படுத்திக்கற விதத்தை அவர் ஈஸ்ட்ல கண்டுபிடிச்சதுக்காக. சொரியாசிஸ் வைத்தியத்துக்காக இல்லை சாமி :-)

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேப்பீங்க. எங்க பெரியப்பா மகன், அம்பது வயசு. வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் போட்டுக்கிட்டு ஓரளவு நல்லா இருந்தவர். ஒரு வீடியோவைப் பார்த்துட்டு மாத்திரையை நிறுத்திட்டு பட்டினியை ஆரம்பிச்சார். "ஏண்ணே, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா, "உடம்பு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும்டா தம்பி"ங்கறார். மூணு மாசத்துல முதுகு முழுக்கப் பரவி, காலைல விரல் மடக்க முடியாம வீங்கிருச்சு. சொரியாசிஸ்காரங்கள்ல 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டு வாதம் வரலாம். தோல்ல வந்த படை மருந்துல மறையும். கெட்டுப்போன மூட்டு திரும்ப வராது. இப்ப மறுபடி மருந்துல இருக்கார். அதை விடக் கொடுமை, பார்க்க வர்றவங்க எல்லாம் அண்ணிகிட்ட "வாயைக் கட்டலை, அதான்"னு சொல்லிட்டுப் போறது. நோயும் குடுத்து பழியும் போடறதா?

மாத்திரையை நிறுத்தறதுலயும் வகை இருக்கு. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளமா வெடிச்சு உயிருக்கே ஆபத்தா முடியலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தா சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். சொரியாசிஸ் இருக்கறவங்களுக்குச் சர்க்கரை வர்ற வாய்ப்பும் கூடுதல்ங்கறதை மறந்துடாதீங்க.

நான் விரதத்துக்கு எதிரி இல்லை. ஏகாதசியோ சஷ்டியோ நோன்போ, இருக்கறவங்க தாராளமா இருங்க. எடை கூடுதலா இருந்தா பதினாறு-எட்டும் ஒரு வழிதான், ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடறது நின்னாலே லாபம். புது ஊசிகளோட விலையைக் கேட்டா செலவில்லாத வழியை மனசு தேடும், அதுவும் புரியுது. ஆனா மெத்தோட்ரெக்சேட் அப்படி ஒண்ணும் விலை கூடின மருந்து இல்லையே! விரதம் மருந்துக்குத் துணையா இருக்கட்டும், மருந்தோட நாற்காலில அதை உட்கார வைக்காதீங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தோல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை, அவ்வளவுதான் நான் கேக்கறது.

அடுத்த தடவை அந்த வாட்ஸப் செய்தி வந்தா ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அந்த 0.89-ஐ நினைச்சுக்கோங்க. உங்க வீட்டுல யாராவது விரதம் இருந்து பார்த்திருந்தா, நல்லதோ கெட்டதோ, பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. என்னை நம்பியும் மருந்தை மாத்தாதீங்க!