கெல்லி என்றொரு பெயர்

ஸ்பெயின் தேசத்தில் ஹோட்டல் அறைகளைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை விரிக்கும் ஸ்திரீகளுக்குக் 'கெல்லி' என்று பெயர் வழங்குகிறது. கேட்பதற்கு ஐரிஷ்காரர்களின் குலப்பெயர் போலிருக்கும். ஆனால் அயர்லாந்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஸ்பானிய பாஷையில் 'லா கே லிம்பியா' என்றால் 'சுத்தம் செய்கிறவள்' என்று அர்த்தம். நேயர்கள் அதைச் சற்று வேகமாகச் சொல்லிப் பார்க்கட்டும். 'கே'யும் 'லி'யும் ஒட்டிக்கொண்டு நிற்க, மற்றவை உதிர்ந்துவிடும். தமிழிலே 'துடைப்பவள்' என்று ஒரே சொல்லில் முடிகிற காரியம் அவர்களுக்கு மூன்று சொற்களாக நீள்கிறது. ஆகவே குறுக்கிக்கொண்டார்கள் போலும்.

தஸ்தாவேஜுகளில் அவர்களுக்கு வேறு பெயர்: 'காமரேரா தே பீசோஸ்', அதாவது மாடி அறைகளின் பணிப்பெண். இந்தக் 'காமரேரா' சாமானிய வார்த்தையன்று. அறையைக் குறிக்கும் 'காமெரா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது; நாம் படம் பிடிக்கும் காமிராவும் அதற்குப் பங்காளிதான். முற்காலத்தில் ஸ்பெயின் ராணியின் பரிவாரத்துக்குத் தலைமை வகித்த சீமாட்டிக்குக் 'காமரேரா மயோர்' என்று பட்டம். பிரபு குலத்து மாதருக்கே அது கிட்டும். அரண்மனையிலிருந்து ஹோட்டலுக்கு இறங்கி வந்த வார்த்தை, அந்த மரியாதையை வழியிலேயே தொலைத்துவிட்டது!

2012-இல் ஸ்பெயினில் தொழிற்சட்டம் திருத்தப்பட்டது. தொழில் முழுமைக்கும் பேசி முடித்த சம்பள ஒப்பந்தத்தைவிடத் தனிக் கம்பெனியின் ஒப்பந்தமே செல்லும் என்று ஆயிற்று. ஹோட்டல் முதலாளிகள் பலர் சுத்தம் செய்யும் வேலையை வெளிக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அறைகளின் எண்ணிக்கை ஏறிற்று, கூலி இறங்கிற்று. 2016-இல் அப்பெண்கள் சங்கம் அமைத்தபோது, ஏட்டிலிருந்த கௌரவமான பெயரை விட்டுத் தங்கள் வாய்ப்பேச்சுப் பெயரையே சூட்டினார்கள்: 'லாஸ் கெல்லிஸ்'. 2018 ஏப்ரலில் அப்போதைய பிரதம மந்திரி மரியானோ ரஹோய் அவர்களை மொன்க்ளோவா அரண்மனைக்கே வரவழைத்துப் பேசினார். சம்பள விஷயத்தில் பழைய முறை 2021 டிசம்பரில்தான் திரும்பியது.

அவர்களுடைய முறையீட்டில் கூலிக்குச் சமமாக இடுப்பும் மணிக்கட்டும் இடம் பெற்றன. கனத்த மெத்தையை நாளெல்லாம் குனிந்து தூக்கினால் வேறென்ன ஆகும்? பலேரிக் தீவுகளில் 2022-இல் இயற்றிய சட்டம், ஹோட்டல்களில் உயர்த்தி இறக்கக்கூடிய கட்டில்களைப் போட வேண்டுமென்று விதித்தது. மிதியை அழுத்தினால் கட்டில் இடுப்பளவு எழும்பும். துப்பட்டியை நின்றபடியே விரிக்கலாம்.