மூணு நாள், மூணு போஸ்டர்... ஒரே தொழிலாளி!

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். டிசம்பர் 10 மனித உரிமைகள் தினம். மே 1 தொழிலாளர் தினம். மூணு நாளுக்கும் நாம போஸ்டர் போடுறோம், உறுதிமொழி எடுக்கிறோம். நல்லதுதான். ஆனா தோழர்களே, இந்த மூணு நாளும் ஒரே மனுஷரோட வாழ்க்கையில வந்து நின்னா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கோமா?

திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனி. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற ஒரு டெய்லரை நினைச்சுப் பாருங்க. அவருக்கு எச்.ஐ.வி இருக்கு. தினமும் மாத்திரை போடுறார், நல்லா இருக்கார், வேலையில யாருக்கும் சளைச்சவர் இல்லை. அரசு ஏ.ஆர்.டி மையத்தில் மாத்திரை இலவசம். ஆனா அதை வாங்கப் போற நாள்ல கூலி போச்சு. "அடிக்கடி எதுக்குய்யா லீவு?"ன்னு சூப்பர்வைசர் கேட்டா என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னா வேலை போயிடுமோன்னு பயம். பயந்துக்கிட்டு மாத்திரை வாங்கப் போகாம விட்டா உடம்பு போயிடும்.

இது மருத்துவப் பிரச்சினையா, மனித உரிமைப் பிரச்சினையா, கூலிப் பிரச்சினையா? மூணும்தான். ஆனா நம்ம அமைப்புகள் எப்படி இருக்கு? எச்.ஐ.வி அமைப்புகள் சிகிச்சையைப் பார்க்குது. சங்கம் கூலியையும் போனஸையும் பார்க்குது. மனித உரிமை வழக்கறிஞர்கள் வழக்கு வந்தா பார்க்கிறாங்க. அந்த டெய்லர் எந்தக் கதவைத் தட்டுறது?

வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம்ம சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்து செய்த பணி அது. எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்கள் தாங்களே சேர்ந்து 1997-ல் தேசிய அளவில் கூட்டமைப்பு தொடங்கியதும் சென்னையில்தான். அடுத்த வருஷமே பெண்களுக்குத் தனி கூட்டமைப்பும் இங்கே பிறந்தது. "எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம், எங்க உரிமையைக் கொடுங்க"ன்னு கேட்க வந்தவங்க அவங்க.

அதே 1997-ல் மும்பை உயர்நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. பொதுத்துறை நிறுவனத்தில் வேலை செய்த தற்காலிகத் தொழிலாளி ஒருவர். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி-ன்னு வந்ததும் வேலை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. வேலை செய்யத் தகுதி உள்ள ஒருவரை எச்.ஐ.வி-யைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாதுன்னு நீதிமன்றம் தெளிவாச் சொன்னது. இதில் முக்கியமான விஷயம், அவர் பெயரை வெளியிடாமலே வழக்கு நடந்தது. "கோர்ட்டுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சுடுமே" என்ற பயத்துக்கும் அன்னைக்கே வழி பிறந்தது.

தொழிற்சங்கமும் எச்.ஐ.வி இயக்கமும் கைகோத்தா என்ன நடக்கும்? தென்னாப்பிரிக்காவைப் பாருங்க. மலிவு விலை மருந்துக்கு வழி செய்த சட்டத்தை எதிர்த்து, அந்த நாட்டு அரசு மேலேயே 39 மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்' தெருவில் இறங்கியது. கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பும் கூட இறங்கியது. 2001 ஏப்ரலில் அத்தனை நிறுவனங்களும் வழக்கை வாபஸ் வாங்கின. நோயாளிகள் மட்டும் தனியா நின்னிருந்தா இது நடந்திருக்குமா?

இங்கேயும் இயக்கங்கள் வருஷக்கணக்கா போராடித்தான் 2017-ல் எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கு. இதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிஞ்சு வெச்சுக்கணும்:

✊ எச்.ஐ.வி இருக்குங்கிற காரணத்துக்காக வேலை மறுப்பதும் வேலையை விட்டு நீக்குவதும் பாகுபாடு. சட்டப்படி அதற்குத் தடை இருக்கு.
✊ வேலைக்குச் சேர எச்.ஐ.வி டெஸ்ட் எடுத்துட்டு வான்னு நிபந்தனை போடக் கூடாது.
✊ சிகிச்சை, வாடகை வீடு, பள்ளிக்கூடம் எதிலும் பாகுபாடு கூடாது.
✊ பாகுபாடு நடந்தா குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் உத்தரவு வரணும்.

கேட்க நல்லா இருக்கு. ஓட்டை எங்கே? புகார் அதிகாரி கட்டாயம் இருக்கணும்னு சட்டம் சொல்வது 100 பேர், அதுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்குத்தான். மருத்துவமனைகளுக்கு மட்டும் 20 பேர். பத்து மெஷின் போட்ட பவர் டேபிள் யூனிட், செங்கல் சூளை, ஹோட்டல் சமையல்கட்டு, வீட்டு வேலை... இங்கெல்லாம் புகாரை வாங்க உள்ளே ஆளே கிடையாது. இன்னொண்ணு, சிகிச்சை தரும் பிரிவில் "இயன்றவரை" என்ற ஒரு வார்த்தை. உயிர் காக்கும் மாத்திரைக்கு என்னங்க "இயன்றவரை"?

அதனால நம்ம கோரிக்கை தெளிவானது. "இயன்றவரை" போகணும். ஏ.ஆர்.டி மையங்கள் ஞாயிற்றுக்கிழமையும் மாலையிலும் திறந்திருக்கணும். குறைதீர்ப்பாளரின் முகவரி ஒவ்வொரு தொழிலாளர் அலுவலகத்திலும், நலவாரிய அலுவலகத்திலும் பெரிய எழுத்தில் இருக்கணும். சங்கங்கள் அடுத்த கூலி ஒப்பந்தத்தில் மருத்துவ விடுப்பையும், மருத்துவ ரகசியத்தையும் ஒரு ஷரத்தாகச் சேர்க்கணும். விடுப்பு கேட்கிறவர்கிட்ட என்ன நோய்னு யாரும் கேட்கக் கூடாது.

அரசுகிட்ட மட்டும் கேட்டா போதுமா? நம்மகிட்டயும் கேட்டுக்கணும். பக்கத்தில் உட்கார்ந்து தைச்சா, ஒரே டம்ளரில் தண்ணி குடிச்சா எச்.ஐ.வி பரவாது. ஒழுங்கா மாத்திரை எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறவரிடம் இருந்து உடலுறவு மூலமும் பரவாதுன்னு மருத்துவ அறிவியல் உறுதியாச் சொல்லுது. இதெல்லாம் தெரிஞ்சும் டீக்கடையில "அவனுக்கு அந்த நோயாம்"னு கிசுகிசுக்கிறவர் நம்ம ஆளா இருந்தாலும் கண்டிக்கணும். அந்தக் கிசுகிசுதான் ஒருத்தரை மாத்திரை வாங்கப் போகவிடாமல் தடுக்குது.

சந்தேகம் இருக்கிறவங்க 1097-க்கு கூப்பிடுங்க, இலவசம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் இலவசம், ரகசியம்.

இந்தப் பதிவை லைக் போட்டுக் கடந்து போகாதீங்க தோழர்களே. உங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. யாருக்கு இது தேவைன்னு உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கண்ணில் பட்டா போதும்.

#வேலைஉரிமை #சிகிச்சைஉரிமை